மதிய ஷிஃப்ட் தொழிலாளி ஒருவர்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் "சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். எனக்கு நாலு நாளாக அதே நினைப்புதான். பெங்களூரில் உங்கள் கம்பெனிப் பயிற்சி வகுப்பில், தொழிலாளி பேசிய வார்த்தையை அறிக்கையில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டார்களாம். நீ எழுந்து நம் வீட்டு வாக்கியத்தைச் சொன்னாயாம். "எங்க வூட்டு சோத்துப்பானைக்குக்கூட இதவிட நல்லா தீ போடுவோங்க." வகுப்பே சிரித்ததாம், பாடம் எடுத்தவர் கைதட்டினாராம். "எங்கப்பா ஸ்லைடுல போட்டதுன்னு சொன்னேம்ப்பா" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

உன் ஒன்பது வயதிலிருந்து அந்த வாக்கியம் நம் வீட்டில் புழங்குகிறது. அடுப்பு மந்தமாக எரிந்தால் நீ சொல்வாய். இட்லி வேகாவிட்டால் அம்மா சொல்வாள். விருந்தாளிகள்கூடக் கற்றுக்கொண்டு போனார்கள். அதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார், கண்ணு. தை மாதம் இறந்துபோனார். திங்கட்கிழமை நீ முதல்முறையாக நோட்டும் பேனாவுமாக ஒரு தொழிற்சாலைக்குள் நுழையப் போகிறாய். அதற்குள் அவரைப் பற்றி உனக்குச் சொல்லிவிட வேண்டும். அவருடைய மனைவியிடமும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. அந்த அம்மாவைக் கேட்காமல் அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை என்பதால், இந்தக் கடிதத்தில் அவரைப் பாய்லர்காரர் என்றே சொல்கிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கை இப்போது பேனாவைப் பிடித்தால் அது பாட்டுக்கு ஆடுகிறது. வயசானால் வருவதுதான் என்கிறார் டாக்டர். முப்பது வருஷம் ஆலோசகன் என்று அடுத்தவன் கம்பெனியில் நுழைந்து, உன் கை ஏன் இங்கே போகிறது, கால் ஏன் அங்கே போகிறது என்று கேட்டுப் பிழைத்தவன் நான். இப்போது என் கையையே என்னால் கேள்வி கேட்க முடியவில்லை. எழுதி முடித்ததும் அம்மா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

முதலில் தொழில். உங்கள் வகுப்பில் சொல்லாததை மட்டும் சொல்கிறேன். போன உடனே முதலாளியின் ஏசி அறையில் உட்காராதே. வாசலில் இருக்கும் வாட்ச்மேனின் பெயரைக் கேள், மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் நில். உள்ளே ஒரு வாரம் சுற்றினாலும் கிடைக்காதது அந்தக் கால் மணி நேரத்தில் கிடைக்கும். நோட்டில் இடது பக்கம் அவர்கள் சொன்னது, வலது பக்கம் நீ நினைப்பது. இரண்டையும் கலக்காதே. கலந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து எது அவர்கள் பேச்சு, எது உன் கற்பனை என்று உனக்கே தெரியாது. "வழக்கமா எப்படிச் செய்வீங்க?" என்று கேட்காதே. அதற்கு எல்லோரும் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணு. பெரும்பாலானவர்களுக்கு ஐந்துக்கு மேல் அந்த அமைதி தாங்காது. எதையாவது சொல்லி அதை நிரப்புவார்கள். உண்மை அப்போதுதான் வரும்.

ஒருவர் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதே, மூன்று பேரிடமாவது விசாரி. பெரிய கூட்டத்துக்கு முந்தின நாளே, அந்த அறிக்கை யாரைச் சுடுமோ அவரிடம் போய்க் காட்டிவிடு. கூட்டத்தில் யாரையும் திடுக்கிட வைக்காதே. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. என் முதல் அதிகாரி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஒருவர் சொன்னதை எழுத்தில் போடுவதற்கு முன், சொன்னவரிடமே போய்ப் படித்துக் காட்டு. "நீங்க சொன்னது இதுதானுங்களா? இதைப் போடலாமுங்களா?" என்று கேள். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாக எடுத்திருக்கிறேன். நானே மீறியது ஒரே ஒரு தடவைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடிபடும். அங்கே அடிபட்டது வேறொருவருக்கு.

காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அனுப்பிய டின்களில் பல உப்பிப்போய்த் திரும்பி வருகின்றன என்று எங்களைக் கூப்பிட்டார்கள். பழம் சரியில்லை என்றார் முதலாளி. அவருடைய மச்சான்தான் அங்கே மேனேஜர். அவரும் பழம்தான் என்றார். ஆட்கள் சுத்தமாக இல்லை என்று இன்னொரு காரணமும் சொன்னார். நான் வழக்கம்போல உள்ளே சுற்றினேன். காலை ஷிஃப்டில் அடைத்த டின்கள் ஒழுங்காக இருந்தன, மதிய ஷிஃப்டில் அடைத்தவைதான் உப்பின. பழம் இரண்டு ஷிஃப்டுக்கும் ஒரே லாரியில்தான் வந்தது. அதனால் மதிய ஷிஃப்டில் பாய்லருக்கு விறகு போடுபவரின் பக்கத்தில் போய் ஒரு கவிழ்த்த டின்மீது உட்கார்ந்தேன்.

நாற்பது வயசு இருக்கும் அவருக்கு. பொம்மிடியிலிருந்து வந்துபோவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, அனலில் வெந்து சிவந்த முன்கைகள். முதல் நாள் மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் நாள் அவர் டீ வாங்கிக் கொடுத்தார், என்னைக் காசு கொடுக்க விடவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன்: "நேத்து சாயங்காலம் ஸ்டீம் ஏங்க இறங்குச்சு?" கேட்டுவிட்டு எண்ணினேன். ஆறு வரை போயிருப்பேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சார், பேரு கீரு வராதுங்களே?" என்றார். "வராதுங்க" என்றேன்.

"விறகு மிச்சம் பண்ணச் சொல்றாங்க சார். காலையில மொதலாளி இருப்பாரு, முழுசா போடுவோம். அவரு வூட்டுக்குப் போனதும் மேனேஜர் வந்து போதும் போதும்னு நிறுத்திடுவாரு. கூழு வேகவே வேகாதுங்க. எங்க வூட்டு சோத்துப்பானைக்குக்கூட இதவிட நல்லா தீ போடுவோங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டின் இடது பக்கத்தில் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதானா என்று சோதித்துவிட்டேன், அதில் குறை வைக்கவில்லை. வெப்பநிலைத் தாள், விறகு எடைச் சீட்டு, இன்னும் இரண்டு பேரின் பேச்சு, எல்லாம் பொருந்தின. அறிக்கைக்கு அவருடைய வார்த்தையே தேவையில்லை, தாளும் சீட்டும் போதும். ஆனால் எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. பத்துப் பக்கம் அட்டவணை போட்டால் கொட்டாவி விடும் கூட்டம், தொழிலாளி பேசிய ஒரு வரியைப் போட்டால் நிமிர்ந்து உட்காரும். ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தேன், உப்புச்சப்பில்லாமல் போனது. அதனால் அந்த ஆங்கில ஸ்லைடில் அந்த ஒரு வரியை மட்டும் தமிழிலேயே, 'வூட்டு' என்பதைக்கூட மாற்றாமல், பெரிய எழுத்தில் போட்டேன். கீழே 'மதிய ஷிஃப்ட் தொழிலாளி ஒருவர்' என்று எழுதினேன். மதிய ஷிஃப்டில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பதில் ஒருவரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாற்பது பேரில் தீ போடுகிறவர் ஒருவர்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை நடக்க வேண்டிய கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. தருமபுரியிலிருந்து பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் பொம்மிடிக்குப் போய், படித்துக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். உன்னைக் கட்டிலில் உட்காரவைத்து, உன் முன்னால் ஸ்லைடுகளைப் பேசிப் பழகினேன். ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரிந்தால் முதலாளிக்குப் புரியும் என்பது என் கணக்கு. மற்றதற்கெல்லாம் நீ காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். சோத்துப்பானை வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய். "இன்னொரு தடவ சொல்லுப்பா" என்றாய். நீ சிரித்த சிரிப்பில், இந்த ஸ்லைடை நீக்குவதில்லை என்று முடிவு செய்தேன். உன்மேல் பழி போடவில்லை, கண்ணு. எனக்குத் தேவையான சிரிப்பை உன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டத்திலும் சிரித்தார்கள். முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். மச்சான் மேனேஜர் மட்டும் சிரிக்காமல் அந்த வரியை இரண்டு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

ஆலை திருந்தியது, டின் உப்புவது நின்றது. எனக்குப் பெயர் கிடைத்தது. அந்த ஸ்லைடை எங்கள் அலுவலகத்தில் புதுப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். அடுத்த மாம்பழ சீசனில் மறுபடி பார்க்கப் போனபோது பாய்லர் முன்னால் வேறு ஆள் நின்றார். மேனேஜரைக் கேட்டேன். "அவரு நல்லா பேசுவாருங்க சார். நமக்கு வேலை செய்யற ஆளுதான் வேணும்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலாளியின் மனைவியுடைய தம்பியை யார் என்ன செய்ய முடியும், அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதே முதலாளியிடம் போய், அந்த ஆளைத் திரும்ப எடுங்கள், அவரால்தான் உங்கள் ஆலை பிழைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மதியம் அங்கேயே சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வாயில் அந்த ரசம் கசக்கிறது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எங்கள் பிழைப்பு அதுதான். அவருடைய தைரியத்தை எடுத்து நான் பரிமாறினேன், எனக்கு நல்ல பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றும் சொல்வார்கள். அவருக்கு வாயும் இருந்தது, பாய்லர் சான்றிதழும் இருந்தது. ஆனால் காட்டிக்கொடுக்கிற ஆள் என்று அந்தப் பக்கத்து ஆலைகளிலெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்கள். பிறகு எங்கேயும் அவர் தீ போடவில்லை.

ஒரு தடவை அவரை நீ பார்த்திருக்கிறாய். உன்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்கக் காரில் போனோமே, அன்றைக்கு அதியமான்கோட்டை ஹைவேயில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். தொளதொள சீருடை போட்ட செக்யூரிட்டி ஒருவர் விசில் ஊதி, கையைக் காட்டி நம் காரை உள்ளே விட்டார். கண்ணாடியை இறக்கினேன். "சார்! நல்லா இருக்கீங்களா? பாப்பாங்களா இது? என்ன படிக்குது?" என்று முகம் மலரக் கேட்டார். ஏதோ சொன்னேன். "நல்லா படி கண்ணு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு அடுத்த காருக்கு விசில் ஊதப் போனார். "யாருப்பா அது?" என்று கேட்டாய். "தெரிஞ்சவரு" என்றேன். அதன் பிறகு அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த ஹோட்டலில் மட்டும் நிறுத்துவதில்லை. மாசி மாதம், என்னவோ போலிருந்து நிறுத்தினேன். விசில் வேறொருவர் வாயில் இருந்தது. "அவரு போயிட்டாரு சார், தை மாசம். நெஞ்சு வலி" என்றார்.

இதுவரை எழுதியது புதன், வியாழன் இரண்டு நாளில். இனி எழுதுவது சனிக்கிழமை, பொம்மிடிக்குப் போய்விட்டு வந்து. இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய அதே பஸ். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கூலிக்குச் செய்வது, நாள் முழுக்க உட்கார்ந்தால்தான் ஒரு மூட்டை முடியும். உள்ளே சுவரில் மாதா படம், பக்கத்தில் அவர் படம், அதற்குக் கீழே பாய்லர் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு. ஆலையில் பழக்கம் என்று சொன்னேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அவரு வாய்தாங்க அவருக்கு எமன். ஆபீஸ்காரரு யாரோ வந்தாங்களாம், இவரு போய் எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்காரு. வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்லீங்க? பதினாலு வருஷமும் அதையே சொல்லித் திட்டிட்டிருந்தேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல மனுஷன். ஆமா புள்ள, என் வாய்தான்னு சொல்லிட்டுப் போயிடுவாரு."

"அந்த ஆபீஸ்காரன் நான்தாங்கம்மா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எம் பொண்ணுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கறங்க. அனுப்பறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றேன். முதல் வரியிலிருந்து ஹோட்டல் விசில் வரைக்கும் ஒன்றையும் விடாமல் படித்தேன். அவர் புளியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "பேரு கீரு வராதுங்களே" என்று பாய்லர்காரர் கேட்ட இடத்தில் அந்த அம்மாவின் கை நின்றது. அதற்கப்புறம் அந்தக் கை அசையவே இல்லை.

படித்து முடித்தும் வெகுநேரம் பேசவில்லை. ஏழு என்ன, எழுபதே எண்ணியிருக்கலாம். இந்தத் தடவை அந்த அமைதியைத் தாங்க முடியாதவன் நான்தான். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"பேரு வராதுன்னு கேட்டுக்கிட்டுத்தான் சொன்னாருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அதை எங்கிட்ட சொல்லவே இல்லீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தை மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதுங்களா நீங்க? நான் திட்டினதுக்கு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே."

முப்பது வருஷம் எல்லாக் கேள்விக்கும் ஸ்லைடு வைத்திருந்தவன் நான், கண்ணு. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, "அவரு பேரை இதுல எங்கயும் போடலைங்க. யாருன்னு யாருக்கும் தெரியாது" என்றேன்.

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கும் பேரு போடாமத்தானுங்களே எழுதுனீங்க?" என்றார். திட்டுகிற குரலே இல்லை. பிறகு ஒரு புளியை எடுத்துப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "பேரைப் போட்டு அனுப்புங்க. உங்க பொண்ணு படிச்ச பொண்ணு, பத்துப் பேருகிட்ட சொல்லி சிரிச்சிருக்குது. அது சொன்னதுக்குக் கீழ, யாரு சொன்னதுன்னு போடுங்க."

பஸ்ஸில் வரும்போது, கடிதத்தில் மேலே எழுதிய எல்லா இடத்திலும் அவர் பெயரைப் போட்டுத் திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நான் எழுதிய விதம் உனக்குத் தெரியட்டும். திங்கட்கிழமை போவதற்கு முன் இந்த இரண்டு வரியை மட்டும் உன் நோட்டின் முதல் பக்கத்தில், இடது பக்கத்தில், எழுதிக்கொள்.

"எங்க வூட்டு சோத்துப்பானைக்குக்கூட இதவிட நல்லா தீ போடுவோங்க."
— சவரிமுத்து, பாய்லர் ஆப்பரேட்டர், பொம்மிடி.

அப்பா